சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு டப்பாவை வாங்குங்கள்
வாசகர் கேள்விகள், பெயின்டர் பதில்கள்

பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் அறிவிப்பு வந்தது. வந்த கடிதங்களைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தேன். முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: ஆயில் பெயின்டா, வாட்டர் பெயின்டா?

நான் 1986-இல் திருச்சி பாலக்கரையில் ஒரு மேஸ்திரியிடம் சுண்ணாம்புச் சட்டி தூக்கப் போனவன். சுண்ணாம்பில் வஜ்ரப் பசையும் நீலமும் கலந்து மட்டையால் அடித்த காலம் அது. அதற்குப் பிறகு டிஸ்டம்பர், சிமென்ட் பெயின்ட், எனாமல், எமல்ஷன் என்று எல்லாம் என் கை வழியே போயிருக்கிறது. ஆயில் பெயின்ட் என்று நான் இங்கே சொல்வது எனாமலை, அதாவது டர்பன்டைனோ தின்னரோ ஊற்றிக் கலக்குவதை. வாட்டர் பெயின்ட் என்றால் எமல்ஷன். டிஸ்டம்பரும் தண்ணீர் வகைதான்.

கேள்வி: மாமனார் 1978-இல் கட்டிய வீடு. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயின்ட், அதற்கு மேலே சுண்ணாம்பு. இப்போது அந்தப் பச்சை கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. உள்ளூர் பெயின்டர், மேலேயே இன்னொரு கோட் ஆயில் பெயின்ட் கொடுத்தால் அமுங்கிவிடும் என்கிறார். கடைக்காரர் அதன் மேலேயே எமல்ஷன் அடிக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

அம்மா, இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். முதலில் ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரம் கசியும், அல்லது மாவு மாதிரி உப்பு கொட்டும். அந்தப் பச்சைத் தோலுக்குப் பின்னால் சுவர் நனைந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் ஊர் காவிரிப் படுகை. நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற மண். செங்கல் சுவர் அந்தத் தண்ணீரை விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல உறிஞ்சி மேலே ஏற்றும். இதைத்தான் ஓதம் ஏறுகிறது என்கிறோம். சுண்ணாம்புச் சுவரில் ஏறிய ஈரம் பகலில் காற்றோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. எனாமல் அப்படி விடாது. அது காய்ந்தால் சுவர் மேல் ஒரு ரெக்சின் துணியை ஒட்டிய மாதிரிதான். வெளியே போக வழியில்லாத ஈரம் உள்ளேயே நிற்கும், தன்னோடு கொண்டுவந்த உப்பைப் பெயின்டுக்கு அடியில் சேர்த்துவைக்கும், உப்பு பருக்கும், பெயின்ட் எழும்பும். சில வீடுகளில் ஈரம் எனாமல் பட்டையைத் தாண்டி ஏறி, நாலடிக் கோட்டுக்கு மேலே இருக்கிற சுண்ணாம்பையும் பொரிய வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சாண் தடவிப் பாருங்கள்.

உங்கள் மாமனார் தெரியாமல் செய்துவிடவில்லை. அந்த நாளில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன் எங்கே போனாலும் இடுப்பளவு உயரத்துக்கு ஆயில் பெயின்ட்தான். ஜனங்கள் தலை சாய்க்கிற எண்ணெய்க் கறை, பிள்ளைகள் கை அழுக்கு, எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வீட்டில் அப்படி அடிப்பது ஒரு கௌரவமாகவும் இருந்தது.

இன்னொரு கோட் ஆயில் பெயின்ட் கொடுத்தால் ஒரு ஐப்பசிகூடத் தாங்காது. எமல்ஷனை நேராக அதன்மேல் அடித்தால், வழவழப்பான எனாமலில் அது பிடிக்காது; காய்ந்த பிறகு பஞ்சாங்கத் தாள் மாதிரி உரிந்து கையோடு வரும். பச்சை முழுக்கப் போக வேண்டும். எப்படிப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் காலத்துப் பச்சை எனாமலில் ஈயம் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பளிச்சென்ற மஞ்சளும், அந்த மஞ்சளோடு நீலம் கலந்து வருகிற பச்சையும் ஈயக் குரோமேட் என்கிற நிறமியிலிருந்து வந்தவை. சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயம் சேர்த்தார்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் 1 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன்னால் அடித்த எந்த எனாமலையும் ஈயம் உள்ளது என்று நினைத்தே தொடுவது நல்லது. ஈயத் தூசி பிள்ளைகள் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. ஆகவே உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். மெஷின் போட்டுத் தேய்க்கவே கூடாது. புளோ லேம்ப் வைத்துச் சுட்டு உரிக்கிற பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு, நானும் செய்திருக்கிறேன். அந்தப் புகை தூசியைவிட மோசம்.

சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே சுரண்டச் சொல்லுங்கள். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழுகிற செதிலை அதிலேயே சுருட்டிக் கட்டிவிட வேண்டும். விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வேலை முடிகிற வரைக்கும் பிள்ளைகள் அந்தக் கூடத்துப் பக்கமே வர வேண்டாம், முடிந்தால் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுரண்டுகிற ஆளுக்கு நல்ல மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கைக்குட்டை கட்டிக்கொண்டால் ஈயத் தூசி நிற்காது.

உரித்த பிறகு அவசரப்படாமல் சுவரைச் சும்மா விடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு மாதமாவது போகட்டும். அதற்குள் மேலும் உப்பு பூக்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்; காய்ந்த பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். நடுவில் ஒரு நாள் ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஓதம் இன்னும் ஏறுகிறது. அப்போது பெயின்டரை விட்டுவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். வெளியே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு, வீட்டுத் தரை ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டதா? குளியலறைத் தண்ணீர் அந்தச் சுவர் ஓரமாகப் போகிறதா? சுவரை ஒட்டிச் செம்பருத்தியும் வாழையும் வைத்துத் தினம் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? பாதி ஓதம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். உப்பரித்த பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்புக் காரையாலேயே திரும்பப் பூசினால் அந்தச் சுவருக்கு ஒத்துப்போகும்.

அதற்குப் பிறகு என்ன அடிப்பது என்றால், என் கை சுண்ணாம்புக்குத்தான் போகும். பிள்ளைகள் உள்ள வீடு, துடைக்க வசதி வேண்டும் என்றால் மேட் எமல்ஷன் இரண்டு கோட் கொடுங்கள். எமல்ஷன் சுண்ணாம்பு அளவுக்கு இல்லாவிட்டாலும் ஈர ஆவியைக் கொஞ்சமாவது வெளியே விடும். பளபளப்பு அதிகமாக அதிகமாக அந்த மூச்சு குறையும், அதனால் மேட் என்று சொல்லியே வாங்குங்கள். நாலடிப் பச்சையை மட்டும் மறுபடி கொண்டுவராதீர்கள் அம்மா.

கேள்வி: பழைய வீட்டை விலைக்கு வாங்கியிருக்கிறோம். சுவரில் இருப்பது ஆயிலா, வாட்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகர், சேலம்

மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். கதவுக்குப் பின்னால் கண்ணுக்குப் படாத இடத்தில் சுவரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காய விட்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பெயின்ட் பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறினால் எமல்ஷன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் ஆயில். வெறும் தண்ணீருக்கே நிறம் வந்தால் டிஸ்டம்பரோ சுண்ணாம்போ. அதைச் சுரண்டிக் கழுவாமல் மேலே எதை அடித்தாலும் நிற்காது.

கேள்வி: புது வீடு. உள்பூச்சு முடிந்து 12 நாள் ஆகிறது. கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் 3 வாரம்தான். சமையலறைச் சுவர் எண்ணெய்ப் பிசுக்கு துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று ஆயில் பெயின்ட் அடிக்க நினைக்கிறோம். செய்யலாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

செய்யாதீர்கள் ஐயா. நான் செய்து பட்டிருக்கிறேன்.

1991-இல் லால்குடி பக்கம் ஒரு வீடு. தனியாகக் கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்த புதிது. வீட்டுக்காரர் தை மாத முகூர்த்தம் குறித்துவிட்டார். பூச்சு முடிந்து பத்து நாள் ஆன சமையலறைச் சுவருக்கு இளமஞ்சள் எனாமல் இரண்டு கோட் கொடுத்தேன். அன்றைக்குப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. பங்குனியில் ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்க்கிறேன், சுவர் முழுக்கப் பிசுபிசுப்பு, அங்கங்கே பழுப்பு நிறத்தில் வியர்வை மாதிரி சொட்டு. வீட்டுக்கார அம்மா ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். பெயின்ட் வழவழவென்று துணியோடு வந்துவிட்டது. தேய்த்த இடத்தில் விரலை வைத்தால் குளிக்கிற சோப்பைத் தொட்ட மாதிரியே இருந்தது.

அது நிஜமாகவே சோப்புதான். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்தால் சோப்பு. புதுச் சிமென்ட் பூச்சில் காரம் கடுமையாக இருக்கும். கொத்தனார் கை புண்ணாவது அதனால்தான். ஈரம் இருக்கிற வரைக்கும் அந்தக் காரம் எனாமலில் உள்ள எண்ணெயைத் தின்றுகொண்டே இருக்கும். கூலி வாங்காமல் நாலு நாள் சுரண்டினேன். அந்த அம்மா ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, நாலு நாளும் மத்தியானம் சாப்பாடு போட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்தும்.

பூச்சு 28 நாளாவது ஆறட்டும். அதற்குப் பிறகு காரத்தைத் தாங்குகிற வாட்டர் பிரைமர், பட்டி பார்த்து, எமல்ஷன் இரண்டு கோட். சமையலறைக்குக் கழுவித் துடைக்கக்கூடிய எமல்ஷன் என்று கேட்டு வாங்குங்கள். அடித்து ஒரு மாதம் வரைக்கும் அழுத்தித் தேய்க்காதீர்கள், அதற்குள் அது முழுசாக இறுகியிருக்காது. அடுப்புக்குப் பின்னால் இரண்டடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் பிசுக்குக் கவலையே வேண்டாம். முகூர்த்தத்துக்குச் சுவர் வெறுமையாக இருக்கக் கூடாது என்றால் சுண்ணாம்பு ஒரு கை அடித்து விழாவை நடத்துங்கள். வருகிறவர்கள் சாப்பாட்டைத்தான் பார்ப்பார்கள். பெயின்ட் வேலையின்போது அந்தச் சுண்ணாம்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் போதும்.

கேள்வி: மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். அவள் தங்கப் போகிற அறைக்கு நல்லதாக ஆயில் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார் அவள் அப்பா. வாசனை ஒத்துக்கொள்ளுமா?
— ஒரு வாசகி, மதுரை

அந்த அறைக்குள் ஆயில் பெயின்ட் டப்பாவையே திறக்க வேண்டாம் அம்மா. மூக்கில் ஏறுகிற அந்த வாசனை டர்பன்டைன் ஆவியாகிப் போவது. அது போன பிறகும் எனாமல் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்து இழுத்துத்தான் இறுகும். அது ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை. மூடின அறையில் வாரக்கணக்கில் வாடை நிற்கும். கர்ப்பிணிக்கு அது ஆகாது, பச்சைப் பிள்ளைக்கும் ஆகாது.

சுவருக்கு எமல்ஷன் அடியுங்கள், வாடை குறைந்தது என்று டப்பாவில் போட்டிருப்பதாகப் பார்த்து. அதையும் வளைகாப்புக்கு ஒரு மாதம் முன்பே முடித்து, ராத்திரியும் பகலும் ஜன்னலைத் திறந்து போடுங்கள். வாடையே இல்லை என்று கடைக்காரர் சொன்னாலும் இந்த ஒரு மாதத்தைக் குறைக்காதீர்கள்.

அறையில் பழைய ஜன்னல், எனாமல் செதில் செதிலாக நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கும்பகோணம் அம்மாவுக்குச் சொன்ன ஈயக் கதை இதற்கும் சேரும். மகள் வந்த பிறகு அதைச் சுரண்டவே கூடாது. வருவதற்கு முன் நனைத்துச் சுரண்டி, துடைத்து, ஜன்னலுக்கு வாட்டர் எனாமல், அதாவது தின்னருக்குப் பதில் தண்ணீர் ஊற்றிக் கலக்குகிற எனாமல், கொடுத்துவிடுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் அந்த அறையை விட்டு வேறு அறையைத் தயார் பண்ணுங்கள். பிள்ளை தவழ ஆரம்பித்தால் கைக்குக் கிடைப்பதை வாயில் வைக்கும், ஜன்னல் கட்டையில் விழுந்து கிடக்கிற செதில் உட்பட. மகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு. கேட்டுக்கும் கிரில்லுக்கும் வருடா வருடம் ஆயில் பெயின்ட் அடித்தும் துருப்பிடிக்கிறது. வாட்டர் பெயின்டுக்கு மாறலாமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

வெளிக் கேட்டுக்கு இன்னும் ஆயில் எனாமல்தான் ஐயா என் பதில். ஆனால் வருடா வருடம் அடித்தும் துரு வருகிறதென்றால் பெயின்டுக்கு முந்தின வேலையில் குறை இருக்கிறது. கடல் காற்று கொண்டுவரும் உப்பு இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற குணம். அதன் மேலேயே பெயின்ட் அடித்தால், துருவுக்கு வேண்டிய சரக்கை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி.

கேட்டை நல்ல தண்ணீரால், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் லாரித் தண்ணீரால், பிரஷ் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். காய்ந்ததும் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் துருவை எடுத்து வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். பழைய பெயின்டுக்காகச் சொன்ன மாஸ்க்கும் நனைப்பதும் இங்கேயும் உண்டு. இங்கே நனைத்தால் உடனே துடைத்து வெயிலில் காய வைத்துவிடுங்கள். இரும்பு வெளுத்த அன்றைக்கே பிரைமர் ஏறிவிட வேண்டும். கடலோரத்தில் மறுநாள் காலைக்குள் செம்பழுப்பு படர்ந்துவிடும். சாதாரண ரெட் ஆக்சைடு வெறும் மறைப்புதான். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் துருவையே தடுக்கும். உங்கள் ஊருக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். அதற்கு மேல் எனாமல் இரண்டு கோட், கோட்டுக்கு நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி. வெல்டிங் வைத்த மூலைகள், கேட்டின் அடிக்கம்பி, கீல் இந்த மூன்று இடத்துக்கும் தனியாக ஒரு கோட் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். துரு எப்போதும் அங்கேதான் தொடங்கும்.

கிரில்லில் ஒரு பகுதி ஜி.ஐ. பைப் என்றால் கவனம். அதன் மேலே துத்தநாகம் பூசியிருக்கும். நேராக ஆயில் பெயின்ட் அடித்தால் துத்தநாகமும் எண்ணெயும் சேர்ந்து திரும்பவும் சோப்புதான், ஒரு வருடத்தில் தோல் உரிக்கிற மாதிரி உரிந்துவிடும். அதற்கென்றே இருக்கிற ஜி.ஐ. பிரைமர் போட்டுவிட்டு அடிக்க வேண்டும். வீட்டுக்குள்ளே இருக்கிற கிரில்லுக்கு வாட்டர் எனாமல் தாராளமாக அடிக்கலாம், அடியில் மெட்டல் பிரைமர் இருந்தால்.

கேள்வி: கதவுக்கும் ஜன்னலுக்கும் அடித்த வெள்ளை ஆயில் பெயின்ட் இரண்டே வருடத்தில் மஞ்சளாகிவிட்டது. கம்பெனி பெயின்டே மட்டமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பெயின்டின் மேல் குற்றம் இல்லை. எண்ணெய்க்கு மஞ்சளாகிற குணம் உண்டு. வெளிச்சம் படாத இடத்தில் இன்னும் வேகமாக ஆகும். பீரோவை நகர்த்திப் பாருங்கள், பின்னால் இருக்கிற கதவுச் சட்டம் ஜன்னலைவிட மஞ்சளாக இருக்கும். வெள்ளைதான் வேண்டும் என்றால் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டு, பிரைமர் ஒரு கோட் போட்டு, வாட்டர் எனாமல் அடியுங்கள். அது வெள்ளையாகவே நிற்கும். ஒரு சங்கடம்: கதவை இரண்டு மூன்று நாளில் அழுத்திச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது பெயின்ட் பிய்ந்து வரும். ஒரு வாரம் திறந்தே கிடக்கட்டும், சாத்த வேண்டுமென்றால் நடுவில் ஒரு துண்டுத் தாள் சொருகுங்கள். வெறும் மரத்தில் முதல் தடவை அடித்தால் தண்ணீர் பட்டு நார் எழும்பி மேடாகும். முதல் கோட் காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாக வருடிவிட்டு அடுத்த கோட் கொடுங்கள்.

தேக்கு நிலைவாசல் கதவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தேக்குக்கு இந்த இரண்டுமே வேண்டாம். அந்த ரேகையை மூடுவது பாவம். ஆளிவிதை எண்ணெய் ஏற்றுங்கள், அல்லது வார்னிஷ்.

கேள்வி: எனக்கு 22 வயது, மூன்று வருடமாகப் பெயின்ட் வேலை. எனாமல் அடித்த அன்றைக்கு ராத்திரி தலைவலி, சாப்பாடு இறங்குவதில்லை. கையை தின்னரில்தான் கழுவுகிறோம். விரல் வெடிக்கிறது. கூட இருக்கிறவர்கள் பழகிவிடும் என்கிறார்கள். பழகிவிடுமா அண்ணா?
— ஒரு வாசகர், ராமநாதபுரம்

தம்பி, உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், பதிலைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். பழகிவிடும் என்று எனக்கும் சொன்னார்கள். தலைவலி குறைந்தது உண்மை. உடம்பு எச்சரிக்கை சொல்வதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் டீ டம்ளர் கையில் நிற்காது, நடுக்கம். என்ன காரணம் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் ஜன்னல் சாத்திய அறைகளில் அவர் பக்கத்தில் நின்று நானும் எனாமல் அடித்தேன். எனக்கு அது போதும்.

ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் அடிப்பேன் என்று வீட்டுக்காரரிடம் சொல். தூசி விழும் என்பார்கள். விழட்டும், மறுநாள் தேய்த்துக் கொடுக்கலாம். தூசிக்குப் போடுகிற மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது; கரி நிரப்பிய குப்பி வைத்த மாஸ்க் தனியாக இருக்கிறது, கான்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கு, தராவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து நில். இரண்டு பெயின்டும் சரிவரும் என்கிற இடத்தில், உள்கதவு, உள்கிரில் மாதிரி, வாட்டர் எனாமலை நீயே எடுத்துச் சொல். வீட்டுக்காரருக்கும் வாடை இல்லாமல் போகும், உனக்கும் தலை வலிக்காது. டப்பாவைத் தேர்ந்தெடுக்கிறபோது அதை அடிக்கப் போகிறவன் மூச்சையும் கணக்கில் வைக்க வேண்டும். இந்தப் பத்தியைப் படிக்கிற வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. காய்கிறபோது அது சூடாகும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் தீக்குச்சி இல்லாமலே பற்றும். திருவெறும்பூரில் ஒரு வேலையில், சாமான் அறையில் சுருட்டிப் போட்ட துணி மறுநாள் காலை நடுவில் கருகிப் புகைந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். பக்கத்திலேயே இரண்டு டின் தின்னர். அந்தத் துணியைத் தண்ணீரில் முக்கி, பிரித்து, வெளியே கொடியில் போட்டுக் காய வை. பிரஷ் கழுவின தின்னரைக் கிணற்றடியிலோ செடியிலோ ஊற்றாமல் மூடின டின்னில் வை. கசடு கீழே தங்கியதும் மேலே தெளிந்ததை அடுத்த தடவை கழுவ எடுத்துக்கொள்ளலாம்.

கைக்குத் தேங்காய் எண்ணெய். வேலை தொடங்கும் முன் விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் தடவிக்கொள். முடிந்ததும் இன்னும் கொஞ்சம் ஊற்றி, பழைய துணியால் நிதானமாகத் தேய். காயாத எனாமல் கரைந்து வந்துவிடும். பிறகு சோப்பு. காய்ந்து ஒட்டியது ஒரு தடவையில் போகாவிட்டால் அப்படியே விடு, நாளைக்குப் போகும். தின்னரை மறுபடி கையில் ஊற்றாதே. விரல் வெடிப்பு ஆற இரண்டு வாரம் ஆகும். ஆறினதும் எனக்கு ஒரு கடிதம் போடு.